திருநாளைப்போவார் தில்லைக்குப் புறப்பட்ட வரலாறு

திருத்தொண்டர் புராணத்தை முறையாகப் பயில்வார், அந்நூலின் பெரும்பகுதி வழிநடை வரலாறாகவே அமைந்திருத்தலைக் காண்பர். ஆளுடையபிள்ளையார் தந்தையார் தோண்மேலமர்ந்து திருநனிபள்ளிக்குச் சென்றதும், திருநெல்வாயில் அரத்துறையில் முத்துச்சிவிகையும் குடையும் சின்னமும் பெற்றதும், ஆளுடைய அரசு உழவாரப்படை தாங்கி ஊர்தோறும் கால்கொண்டு நடந்ததும், வன்றொண்டர் சேரமான் பெருமாளோடு பாண்டிநாட்டுத் தலங்களை வணங்கியதும் எல்லாம் புறப்பாட்டில் தொடங்கி வழிபாட்டில் முடிவன. சேக்கிழார் பெருமான் ஒவ்வொரு பயணத்தையும் கூறுங்கால், இன்ன பதியினின்று நீங்கினார், இன்னாரிடம் விடைகொண்டார், இன்ன தலத்தை எதிரே கண்டு தொழுதார் என நிரல்படக் கூறுதலைப் பெருவழக்காகக் கொண்டுள்ளார். பாடல்பெற்ற தலங்கள் இருநூற்றெழுபத்துநான்கினை இக்காலத்தார் வழியறிந்து வணங்குதற்கு அப்புராணம் பெருந்துணையாய் இருப்பது இதனாலேயாம்.

பண்டைத் தமிழர் பயணம் புறப்படுதலை எளிய செயலாகக் கொண்டிலர். நாளும் கோளும் பார்ப்பர், பெரியோரை வணங்கி விடைபெறுவர், வழித்துணை தேடுவர், கட்டமுது கொள்வர். குறித்த நல்லவேளையிற் புறப்பட இயலாதவர் தம் ஆடை முதலியவற்றுள் ஒன்றை அவ்வேளையில் முன்னதாகப் பிறிதோரிடத்துப் போக்கிவைத்துப் பின்னர்த் தாம் செல்லுதலும் உண்டு. இதனைப் பரஸ்தானம் என்று பிற்காலத்தார் வழங்குவர். போர்மேற் செல்லும் வேந்தன் நல்ல நாளிலே தன் குடையையோ வாளையோ முன்னே புறவீடு விடுத்தலைக் குடைநாட்கோள், வாணாட்கோள் எனப் புறப்பொருள் இலக்கணம் கூறுதலால், இவ்வழக்கின் பழமை நன்கு விளங்கும். திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் பிள்ளையார் எழுந்தருள நினைந்தபொழுது, நாளும் கோளும் நல்லவல்ல என்று அப்பமூர்த்திகள் தடுத்ததும், பிள்ளையார் திருப்பதிகத்தாலேயே அதற்கு விடைகூறிப் புறப்பட்டதும் யாவரும் அறிந்தனவே. கட்டமுதின் பொருட்டும் கவலையின்றி நடந்தவர் வன்றொண்டர். திருக்குருகாவூர் வழியிலே பசித்த அவருக்கு இறைவரே பொதிசோறு அளித்தருளினார்.

இங்ஙனம் புறப்பட்ட செய்திகள் பல. புறப்படாது தங்கிய செய்தியையே தம் பெயராகப் பெற்றவர் நாயன்மார் அறுபத்துமூவருள் ஒருவரே. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் முன்னின்று நம்பியாரூரர் அருளிச்செய்த திருத்தொண்டத்தொகை, அவரைத் திருநாளைப்போவார் என்றே சுட்டுகின்றது. அவருடைய இயற்பெயரோ, ஊரோ, குலமோ அங்குச் சொல்லப்படவில்லை. நாளைப் போவேன் என்று அவர் கூறிவந்த சொல் ஒன்றே ஆரூரர் காலத்தில் நின்று நிலவியது போலும்.

ஏனைய அடியார்க்குப் பயணத்தின் முன் எழுந்த வினாக்கள் நாள் யாது, வழி யாது, துணை யாவர் என்பன. இவ்வடியார்க்கு எழுந்த வினா வேறு. சென்றடைந்தால் உள்ளே புக விடுவார்களா என்பதே அது. ஆதலின் அவர் வரலாற்றில் புறப்பாடே கதையின் நடுவிடத்தைப் பெறுகின்றது.

ஆரூரருக்குப் பின் நம்பியாண்டார் நம்பி தமது திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு செய்யுளால் இவ்வரலாற்றை விரித்தார். ஊர் ஆதனூர் என்பதும், அவர் புலைக்குலத்திற் பிறந்து புறத்தே நின்று தொண்டு புரிந்தவர் என்பதும், அம்பலவர் அருளால் அப்புலை நீங்கித் தில்லை மூவாயிரவர் கைகூப்ப முனிவராயினார் என்பதும் அச்செய்யுளின் பொருள். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தெழுந்த திருத்தொண்டர் புராணத்திலே சேக்கிழார் இதனை 37 செய்யுட்களால் பாடினார். நந்தனார் என்னும் இயற்பெயர் விளங்குவதும் அங்கேதான்.

சேக்கிழார் கொள்ளிட நீர்வளம் பெற்ற மேற்காநாட்டு ஆதனூரின் செல்வத்தை முதலிற் கூறி, உடனே அவ்வூரின் புறத்தே வயலை ஒட்டியிருந்த புலைப்பாடிக்குக் கற்போரை அழைத்துச் செல்கின்றார். சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைகள். தோல்வார் கிடக்கும் முன்றில்கள். குஞ்சுகளோடு திரியும் கோழிகள். இரும்புவளை பூண்ட கரிய சிறுவர். மருதநிழலிலே தோலின்மேல் தன் மகவை உறங்கவைக்கும் உழத்தி. பெட்டைக்கோழி அடைகிடக்கும் புதைத்த பானைகள். பறைகள் தூங்கும் மாமரங்கள். நாய்கள் குட்டியீன்ற குழிகளையுடைய தென்னைகள்: இவையெல்லாம் அங்கே காட்டப்படுகின்றன. சோழப்பேரரசில் உத்தமசோழப் பல்லவன் என்னும் பட்டம் பெற்று உயர்ந்த பதவியிலிருந்த வேளாண்குலப் பெரியார் ஒருவர், சேரியின் முன்றிலை இத்துணை நுணுக்கமாக நோக்கி எழுதியது வியக்கற்பாலது. அரண்மனை வருணனை எழுதுவார் பலர். சேரி வருணனை எழுதினார் பழந்தமிழ்ப் புலவருள் மிகச் சிலரே.

இதனைக் கவிஞர் கற்பனை எனத் தள்ளுதல் கூடாமைக்குக் கல்வெட்டுக்கள் சான்றாகும். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு ஊர்களை அளித்தபொழுது, ஒவ்வோர் ஊரிலும் இறையிலியாக நீக்கிய நிலங்களைக் கல்லிற் பொறித்தான். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், சுடுகாடு என்பவற்றோடு கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் அவ்வரிசையில் வருகின்றன. சேக்கிழாருக்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்னரே ஊருக்குப் புறம்பே இத்தகைய குடியிருப்புக்கள் வரையறுக்கப்பட்டிருந்தன என்பது அதனாற் பெறப்படும்.

நந்தனார் வறியவர் எனினும் பிறர்பால் இரந்துண்டவரல்லர் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. ஊரார் பறைத்தொழிலுக்கு விட்ட மானியநிலமாகிய பறைத்துடவையை உணவுரிமையாகக் கொண்டு, தம் குலத்தொழிலைச் செய்து வாழ்ந்தார் என்று சேக்கிழார் தெளிவுறக் கூறுகின்றார். கோயிலில் முழவு கொட்டும் உவச்சர்க்கும் பிற பணிமக்களுக்கும் நிலம் விடுதல் சோழர் கல்வெட்டுக்களிற் பயின்று வரும் வழக்கமாகலின், இதுவும் காலத்தோடு பொருந்திய செய்தியே.

அந்நிலத்தின் வருவாய்கொண்டு அவர் செய்த தொண்டு யாது? சிவன்கோயில்தோறும் பேரிகை முதலிய முகக்கருவிகளுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும் அளித்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு அளித்தார். அருச்சனைக்குக் கோரோசனை அளித்தார். இம்மூன்றும் இறந்த கால்நடைகளிலிருந்து பெறுவன. அவற்றைப் பெறுதற்குரிய தொழில் எதுவோ அத்தொழிலே அவரைத் திருவாயிலுக்குப் புறத்தே நிறுத்திற்று. அவர் பதப்படுத்திய தோல் உள்ளே முழங்கிற்று; அவர் திரித்த நரம்பு உள்ளே இசைத்தது; அவர் கொணர்ந்த கோரோசனை இறைவன் திருமேனியைச் சார்ந்தது. அவரோ வாயிற்புறத்தே நின்று ஆடியும் பாடியும் மீண்டார். பயணம் புறப்படுவார் தம் உடைமை ஒன்றை முன்னே போக்கும் வழக்கம் மேலே கூறப்பட்டது. நந்தனார் தம் பொருள்களையெல்லாம் பல்லாண்டுகள் முன்னே போக்கிக்கொண்டிருந்தார் என்று கொள்ளுதல் தவறாகாது.

தில்லைக்குமுன் அவர் சென்ற தலம் திருப்புன்கூர். பிள்ளையாரும் ஆரூரரும் பாடிய அப்பதி வைத்தீசுவரன்கோயிலுக்கு மேற்கே அணித்தாக உள்ளது. அங்கே சிவலோகநாதரைத் திருவாயிலினின்றே நேரே காணவேண்டும் என்று அவர் விழைந்தார். திருமுன்னர்க் கிடந்த இடபதேவர் மறைத்தார். உள்ளே புக உரிமையில்லாதவர்க்கு வாயில்வழியே தோன்றும் அவ்வொரு நேர்க்கோடு ஒன்றே தரிசனத்துக்கு இடமாகும். அதுவும் மறைந்தால் வந்த பயணம் வறிதாம். இறைவர் இடபத்தை விலகச்செய்து தம்மைப் புலப்படுத்தினார் என்பது புராணம். இன்றும் அத்தலத்திலே நந்தி நேர்நிலையினின்று சற்றே விலகியிருத்தலைக் காண்போர் பலர்.

கண்டு தொழுத நந்தனார் உடனே மீண்டிலர். கோயிலின் ஒருபுறத்தே பள்ளமாய்த் தாழ்ந்த நிலத்தைக் கண்டார். அது குளத்துக்கு ஏற்ற இடம் எனத் தேர்ந்து, தாமே தோண்டிக் குளமாக்கினார். பிள்ளையார் பூதகணங்களோடு இரவில் வந்து குளம் வெட்டினார் என்று அவ்வூரார் கூறுவது தலமரபு. சேக்கிழார் அதனைக் கூறிற்றிலர். உழுநிலத்தின் மேடுபள்ளம் அறிந்த ஒருவருடைய கண்ணும், மண்வெட்டி பிடித்துப் பழகிய கையும் அச்செயலில் விளங்குகின்றன. அதன்பின் கோயிலை வலங்கொண்டு, நடமாடித் தம் ஊருக்கு மீண்டார். இவ்வாறே பிற பதிகளுக்கும் சென்று பணிசெய்து வந்தார். இச்செலவுகளுக்கெல்லாம் அவர் யாரிடமும் விடைபெற்றதாகவோ, யாரேனும் தடுத்ததாகவோ புராணத்தில் ஒரு சொல்லும் இல்லை. இது நினைவில் நிற்கவேண்டும்.

பின்னர்த் தில்லைமன்றத்தைக் கும்பிடவேண்டும் என்னும் காதல் எழுந்தது. கொள்ளிடக்கரை ஊரினின்று தில்லைக்கு வழி நெடிதன்று. ஒருபகல் நடைக்குள் அடங்குவது. அன்றிரவு அவர் கண்துயின்றிலர். பொழுது விடிந்தபின் புறப்படலாம் என்று எண்ணினார். விடியுமுன்னரே, அங்கே அணைதல் தம் குலத்தோடு இசையாது என்ற நினைவு முற்பட்டது. இதுவும் எம்பெருமான் ஏவலேயாம் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு போதலைத் தவிர்ந்தார். தவிர்ந்தபின் காதல் முன்னினும் மிகுந்தது. நாளைப் போவேன் என்றார். மறுநாளும் அவ்வாறே நிகழ்ந்தது. நாட்கள் பல இங்ஙனம் கழிந்தன.

இப்பகுதியிற் சேக்கிழார் காட்டும் உளநிலை மிகவும் நுண்ணியது. தடை இறைவன் ஏவல் என்றால் ஆசையும் இறைவன் தந்ததன்றோ? இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொண்ட உள்ளம் ஒவ்வோர் இரவும் எத்துணைத் துன்புற்றிருக்கும் என்பதை ஆராய்வார் உணர்வர். சோம்பலாற் காலங்கடத்துவோரை இக்காலத்து மக்கள் நாளைப்போவார் என்று எள்ளுதல் சிற்சில இடங்களில் உண்டு. அஃது இவ்வடியார் வரலாற்றை அறியாமையால் நேர்வது. நாளை என்ற சொல்லை அவர் மடியினாற் சொன்னாரல்லர். இன்று என்று சொல்லும் உரிமை அவர்க்கு இல்லாமையாற் சொன்னார்.

ஈண்டுப் பிற்கால மாற்றம் ஒன்றை ஆராய்தல் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தமிழ்நாடெங்கும் பரவியது. அதிலே நந்தனார் வேதியர் ஒருவரின் பண்ணையாள். தில்லைக்குப் போக அவ்வேதியரிடம் விடை கேட்கின்றார், வேதியர் சினக்கின்றார், நாற்பது வேலி நிலத்தையும் நட்டு விளைவித்துவிட்டுப் போ என்கின்றார், இறைவன் அருளால் ஓரிரவில் எல்லாம் விளைகின்றன. இவ்வேதியரைப் பெரியபுராணம் எங்கும் தேடினும் காணல் இயலாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இக்கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் உடன்படாது நாட்கடத்திவந்தார் என்றும், ஒருநாள் பாரதியார் திண்ணையிலிருந்து தம் கீர்த்தனையைப் பாடக்கேட்டு உள்ளமுருகிப் பாயிரம் அளித்தார் என்றும் அவர் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையரவர்கள் எழுதியுள்ளார்கள். அதன்பின் கதாகாலட்சேபங்களாலும், 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படத்தாலும், 1942-இல் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்த படத்தாலும் பாரதியார் கதையே மக்கள் மனத்தில் நிலைத்தது. நந்தனார் என்றவுடன் வேதியரையும் நாற்பது வேலியையும் நினைப்பவரே இன்று மிகுதி.

பிள்ளையவர்கள் தயங்கியது நியாயமே. சேக்கிழாரிடத்துத் தடை ஒருவரது கொடுமையன்று. நந்தனார்க்கு நிலம் உண்டு; பொழுது உண்டு; வழி தெரியும்; தடுப்பார் ஒருவரும் இல்லை. ஊரும் மதிலும் முறைமையும் சேர்ந்து எழுப்பிய தடை அது. கண்முன் நின்று தடுக்கும் ஆள் இல்லாமலே அவரைத் தடுத்தது. ஒரு வேதியரைக் கொடியவராக்கி அவரைப் பின்னர் மனமாறச் செய்துவிட்டால், குறை அவ்வொருவரோடு தீர்ந்துவிடுகின்றது. கேட்போரும் தம்மை நோக்காது அவரை நோக்கி நகைத்தெழுந்து செல்லலாம்.

எனினும் பாரதியாரை முற்றும் குறைகூறுதல் வரலாற்றறிவுக்கு ஒத்ததன்று. அவர் வாழ்ந்த தஞ்சை நாட்டிலே பண்ணையாளும் படியாளும் நிலத்தோடு பிணிப்புண்டு கிடந்தனர். அடிமைமுறையைச் சட்டம் ஏலாதென்று ஆங்கில ஆட்சி 1843-ஆம் ஆண்டில் 5-ஆம் சட்டத்தால் வரையறுத்த பின்னும், ஆண்டையிடம் விடைபெறாமல் ஒருநாள் ஊரைவிட்டு அகலுதல் அவர்க்கு எளிதாயிருந்ததில்லை. தில்லைக்குப் போகலாமா என்று ஓர் உழவன் கைகட்டிக் கேட்கும் காட்சியைப் பாரதியார் புராணத்திற் படித்ததில்லை. தம் ஊர்க் களத்துமேட்டிற் கண்டிருத்தல் கூடும். ஆகவே அவர் கீர்த்தனையைச் சோழர்கால வரலாறாகக் கொள்ளாது, 19-ஆம் நூற்றாண்டுத் தஞ்சை நாட்டின் வரலாறாகப் படித்தல் தகும்.

மீண்டும் ஆதனூருக்கு வருவோர், நந்தனார் புறப்பட்ட நாளைக் காண்பர். நாளைப் போவேன் என்று நாட்கள் செல்லுதலைப் பொறாதவராய், ஒருநாள் எழுந்து நடந்தார். நாள் பார்த்ததாகவோ துணைகொண்டதாகவோ கட்டமுது எடுத்ததாகவோ சேக்கிழார் கூறிற்றிலர். பாளைவிரிந்த கமுகு சூழ்ந்த பழம்பதியினின்றும் போய், வாளைமீன் எழும் வயல்சூழ்ந்த தில்லையின் மருங்கு அணைந்தார் என்பதே செய்தி. அத்தனை நாள் ஆயத்தத்துக்குப் பின் புறப்பாடு ஒரு செய்யுளில் முடிந்துவிடுகின்றது.

தில்லையின் எல்லையைப் பணிந்தெழுந்தார். உள்ளே வேள்விப்புகை எழுதலைக் கண்டார். மறையோதும் மடங்கள் நெருங்கியிருத்தலைக் கண்டார். தம் குலத்தை நினைந்து அஞ்சி அங்கேயே நின்றார். இவற்றைக் கடந்து மதில்வாயிலிற் புகுந்தாலும், மாளிகைகள்தோறும் மூவாயிரம் வேள்விச்சாலைகள் உள்ளனவாமே என்று எண்ணினார். ஆகவே மதிற்புறத்தே ஊரெல்லையை வலங்கொண்டு நடந்தார். இரவும் பகலும் அவ்வலம் நிகழ்ந்தது. ஆதனூரில் நாளை நாளை என்று கழிந்த நாட்கள் இங்கே சுற்றிச்சுற்றி நடந்த நாட்களாயின. ஒருபகல் வழியைக் கடந்தவர்க்கு ஒரு வாயிலைக் கடத்தல் ஆகவில்லை. இந்த இழிபிறவி தடையாயிற்றே என்று வருந்தி அவர் துயின்றபொழுது, அம்பலவர் முறுவலோடு கனவில் தோன்றி, இப்பிறவி போய் நீங்க எரியில் மூழ்கி, முந்நூல் மார்பரோடு முன் அணைவாய் என்று அருளினார். தில்லைவாழந்தணர்க்கும் எரியமைக்குமாறு கனவில் உணர்த்தினார்.

அந்தணர் யாவரும் திருவாயில்முன் கூடி அஞ்சி, நந்தனாரிடம் வந்தனர். அவர்கள் அவரை விளித்தது ஐயரே என்று. எரியில் மூழ்கியபின் அன்று, மூழ்குமுன்னரே, புலைப்பாடியிலிருந்து வந்த உடம்போடு மதிற்புறத்தே நின்றவரை, மூவாயிரவர் அவ்வாறு விளித்தனர் எனச் சேக்கிழார் பாடியுள்ளார். இதனை உரைகாரர் பலர் விரைந்து கடந்து சென்றுவிடுகின்றனர். தென்மதிற்புறத்துத் திருவாயில்முன் எரியமைக்கப்பட்டது. நந்தனார் வலங்கொண்டு இறைவன் திருவடியை நினைந்து புகுந்தார். புரிநூலும் சடையும் பொலியும் முனிவராய் எழுந்தார். அந்தணரோடு கோபுரத்தைத் தொழுது உட்புகுந்து, கூத்தெல்லையை அடைந்தபின் யாரும் அவரைக் கண்டிலர்.

எரியைப்பற்றி இக்காலத்தே கருத்துவேறுபாடுகள் பல எழுந்துள்ளன. நந்தனார் எரிக்கப்பட்டார் என்று கூறுவாரும் உளர். நம்பியாண்டார் நம்பியின் செய்யுளில் எரி என்ற சொல்லே இல்லை. புலை நீங்கியதும் மூவாயிரவர் கைகூப்பியதுமே உள்ளன. சேக்கிழாரிடத்தே எரி உண்டு. அஃது இறைவன் ஆணையாக உண்டு. வன்முறை நிகழ்ந்தது என்பதற்கு இவ்விரு நூல்களிலும் சான்று இல்லை. ஆயினும் அவ்வாறு வினவுவோரைச் சினத்தல் சைவர்க்கு அழகன்று. உடம்போடு வந்த அடியாரை அவ்வுடம்போடே உள்ளே கொண்டுசெல்ல ஒரு முறைமை இடங்கொடாதிருந்தது என்பதைப் புராணமே மறையாது கூறுகின்றது. அவ்வளவில் வினவுவோர் பக்கமே நூல் நிற்கின்றது.

சித்தாந்த நூலுணர்ந்தார் இதனை வேறொரு வரலாற்றோடு ஒப்புநோக்குதல் நலம். சங்கற்ப நிராகரணத்தைச் சகம் 1235-இல், அஃதாவது கி. பி. 1313-இல் இயற்றிய உமாபதிசிவாசாரியர் தில்லைவாழந்தணர் மரபினர். மறைஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்டமையால் தம் இனத்தாரால் விலக்கப்பட்டுத் தில்லைக்குப் புறம்பே கொற்றவன்குடியில் வாழ்ந்தார். அங்கே அவர் மடத்துக்கு விறகு கொணர்ந்தவர் பெற்றான் சாம்பான் என்னும் புலையர். அம்பலவரின் திருமுகச்சீட்டொன்றைச் சாம்பான் கொணர்ந்து காட்ட, உமாபதிசிவம் அவர்க்குத் தீக்கை செய்து அப்பொழுதே முத்தி நல்கினார் என்பது மரபு. அவர் மனைவி அரசனிடம் முறையிட, அரசன் ஐயுற, அங்கு நின்ற முள்ளிச்செடிக்கும் ஆசாரியர் முத்தியளித்துக் காட்டினார் என்பர். நந்தனார்க்கு வேண்டப்பட்ட எரி சாம்பானுக்கு வேண்டப்படவில்லை. குரு மதிற்புறத்தே இருந்தமையால், சாம்பான் மதிலைக் கடக்கவேண்டிய தேவையும் நேரவில்லை. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழும்படி விதிக்கின்றது. திருவேடம் வாயிற்புறத்தே நிற்க, ஆலயம் உள்ளே மூடிக்கிடந்தால் அவ்விதி எங்ஙனம் நிறைவுறும் என்பதைச் சித்தாந்தம் கற்றோர் பலர் நெடுங்காலம் எண்ணிற்றிலர்.

சிவாலயங்களின் திருச்சுற்றிலே அறுபத்துமூவர் திருவுருவங்கள் வரிசையாக எழுந்தருளியிருத்தல் வழக்கம். திருநாளைப்போவாரும் அவ்வரிசையில் உளர். புரட்டாசித் திங்கள் உரோகிணி நாளில் அவர்க்குக் குருபூசை நிகழும். அவர் குலத்தாரோ கோபுரவாயிலைக் கடவாது நின்றனர். தாம் வணங்கும் நாயனாருக்கு உள்ளே மாலை சாத்தப்படுகின்றது என்பதை வெளியே நின்று கேள்வியால் மட்டும் அறிந்தனர். இந்நிலை ஓராண்டு ஈராண்டன்று, நூற்றாண்டுகள் நீடித்தது. பிற வகுப்பார் சிலரும் இத்தடைக்கு உட்பட்டிருந்தனர்; 1897-இல் கமுதிக் கோயிலிற் புகுந்த நாடார் வகுப்பினர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1908-இல் அவர்க்கு எதிராகவே முடிந்தது.

மாற்றம் 20-ஆம் நூற்றாண்டிலே வந்தது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் தம் நாட்டுக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் அறிக்கையை வெளியிட்டார். 1939 சூலை 8-ஆம் நாள் வைத்தியநாதையர் தலைமையில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் சிலர் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலிற் புகுந்து வழிபட்டனர். அருச்சகருள் சிலர் பூசைக்கு வர மறுத்தனர். கோயில்நுழைவுக்குத் துணைசெய்வோரைக் காக்கும் சட்டம் அவ்வாண்டிலேயே சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. மாகாணம் முழுதும் உள்ள கோயில்களில் யாவரும் நுழைதற்குரிய சட்டம் 1947-இல் நிறைவேறியது. எரி வளர்க்கப்படவில்லை, பிறப்பு மாற்றப்படவில்லை, வந்தவர்கள் வந்த உடம்போடே உட்சென்றனர்.

இவற்றுக்கெல்லாம் முன்னரே, தில்லையிலேயே ஒரு பணி தொடங்கியிருந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பிற் பிறந்து துறவுபூண்டு, பிற்காலத்தே சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய சுவாமி சகசானந்தர், 1916-ஆம் ஆண்டிலே சிதம்பரத்தில் தம் இனத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியை நிறுவினார். நந்தனார் எரியில் மூழ்கிய இடம் எனப் பிற்கால வழக்குக் கூறும் ஓமக்குளத்தை ஒட்டி அவர் மடம் அமைந்தது. அவர் 1959-இல் மறைந்தார். மதிற்புறத்தே நாட்கணக்காக வலம்வந்தவர் பெயரையே அப்பள்ளிக்கு அவர் இட்டார்; ஆதனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே படிக்கப் புறப்பட்டு வந்தனர்.